தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "குடும்ப நலம்". குடும்ப நலம் என்றால் குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை என்று பேசுவோம். அதைப் பேச இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்று பேசுகிறேன். நம்ம வீடுகளில் வளர்ந்து ஆளானவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூளை பிறவியிலேயே வேற மாதிரி வேலை செய்யும். சிலருக்குத் தீராத உடல் நோய் இருக்கும். சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். இவர்களுக்கு வைத்தியம் எப்படி இருந்தால் பலிக்கும், அதில் நம்ம குழுவுக்கு என்ன வேலை இருக்கிறது, இதுதான் என் பேச்சு. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். டாக்டர் இல்லை. வீட்டில் பார்த்ததையும், பயிற்சியிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி, வயது 34. அவளைப் பற்றிப் பேசலாமா என்று அவளிடமே கேட்டேன். ரெண்டு நாள் கழித்து, "பேரு வேணாம், வலிப்பு சொல்லிக்க" என்றாள். அதனால் பேரைச் சொல்ல மாட்டேன்.

அவள் அதிகம் பேச மாட்டாள். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் ஒரு கல் மிச்சமிருக்காது. களத்தில் எத்தனை மூட்டை அடுக்கியிருக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவாள். ஆனால் குக்கர் விசில், மிக்சி, கோயில் ஒலிபெருக்கி, இதெல்லாம் அவளுக்குத் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிடுவாள். பழகின பழைய பருத்தித் துணிதான் உடுத்துவாள். யாராவது திடீரென்று தொட்டால் கத்துவாள். பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பும் உண்டு. இதற்கெல்லாம் ஆட்டிசம் என்று பேர் எழுதிக் காகிதம் கையில் வந்தபோது அவளுக்கு 31 வயது. ஆட்டிசம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தப் பிள்ளைகள் வளர மாட்டார்களா? பெண் பிள்ளை பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தால் "அடக்கமான பொண்ணு" என்று சொல்லிவிடுகிறோம். அதிலேயே பாதி பேர் கணக்கில் வராமல் போய்விடுகிறார்கள்.

நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் நடந்ததை என் மாமியார் சொல்லியிருக்கிறார். ஒரு சமயம் அவள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டே இருந்திருக்கிறாள். பேய் பிடித்திருக்கு என்று ஒரு இடத்துக்குக் கூட்டிப்போய், வேப்பிலையால் அடித்து, முடியை வெட்டி, காலைக் கட்டிப் போட்டு ரெண்டு மாதம் வைத்திருந்தார்கள். கணுக்காலில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. கடைசியில் பார்த்தால் கடவாய்ப் பல் சொத்தையாகி சீழ் கட்டியிருந்தது. பல்வலியைச் சொல்லத் தெரியாமல் கன்னத்தில் அறைந்திருக்கிறாள். மூளை வேற மாதிரி இருக்கிறவர்களுக்கு உடம்பு வலி வந்தால் அதையும் பைத்தியத்தோடு சேர்த்துவிடுகிறோம். நான் சொல்லவந்த முதல் விஷயம் இதுதான். குணம் திடீரென்று மாறினால் முதலில் பல், காது, வயிறு, மாதவிடாய், மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல் இதையெல்லாம் பாருங்கள்.

அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா புயல். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. விடியும்போது தென்னந்தோப்பு படுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து போனது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ரோட்டில் மரம் கிடந்து வலிப்பு மாத்திரை வாங்கப் போக முடியாமல் அஞ்சு நாள் விட்டுப் போனது. அந்த அஞ்சு நாளும் அவளுக்கு வலிப்பு. அதற்குப் பிறகு காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாள்.

பிறகு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரே கூட்டம், டோக்கன் நம்பர் கத்தல், கண்ணைக் கூசும் டியூப் லைட். ஊசி போட நாலு பேர் சேர்ந்து அவள் கை காலை அமுக்கினார்கள். அவர்களுக்கும் அவசரம்தான், வரிசையில் நூறு பேர். ஆனால் காலைக் கட்டிப் போட்ட பழைய நாள் அவளுக்கு அங்கேயே திரும்ப வந்துவிட்டது. அதற்கப்புறம் ரெண்டு வருஷம் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி அவள் வரவில்லை. பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கினோம். வலிப்பு மாதத்துக்கு நாலு தடவை வந்தது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், வைத்தியமே பயமுறுத்தினால் ஆள் வைத்தியத்தை விட்டுப் போய்விடுவார். மருந்து எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் உள்ளே போனால்தானே வேலை செய்யும்.

எங்களுக்கு வழி திறந்தது மாவட்ட மனநலத் திட்டத்தில் வந்த ஒரு உளவியல் மேடத்தால். அவர்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். முதல் நாள் நாங்கள் உள்ளே போகவே இல்லை. வெளியே புங்க மரத்தடியில் நின்றோம். மேடம் எழுந்து வெளியே வந்தார்கள். என்னிடம் கேட்காமல் அவளிடமே, "இங்க உக்காரலாமா, தள்ளி உக்காரவா?" என்று கேட்டார்கள். அவள் கையைக் காட்டிய இடத்தில், நாலடி தள்ளி உட்கார்ந்தார்கள். "அடுத்த தடவை பன்னிரண்டரைக்கு வாங்க, கூட்டம் கலைஞ்சிருக்கும்" என்றார்கள். ரெண்டாவது தடவை லைட்டை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். இப்ப இது செய்வேன், அப்புறம் இது, அப்புறம் வீட்டுக்குப் போகலாம் என்று மூன்று படம் வரைந்து காட்டினார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை முதலில் அவள் கையில் கொடுத்து, தொட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் கட்டினார்கள். "நடந்ததைச் சொல்லு, சொல்லு" என்று ஒரு நாளும் நோண்டவில்லை. மூன்றாவது தடவை அவளாகவே பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்கால் தழும்பைக் காட்டினாள்.

எங்களிடம் அவர்கள் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்காது. "இவளுக்கு என்ன கோளாறுன்னு எல்லாரும் கேட்டுட்டாங்க. இவளுக்கு என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார்கள்.

இப்போது அவள் காலை முதல் பஸ்ஸில் கூட்டமில்லாத நேரத்தில் வருகிறாள். நரம்பு டாக்டர் மாத்திரையை மாற்றினார். வலிப்பு ரெண்டு மூணு மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைந்திருக்கிறது. ஆட்டிசம் சரியாகிவிட்டதா என்று ஊரில் கேட்கிறார்கள். அது சரியாகிற சமாச்சாரம் இல்லை. அவள் பிறந்த விதம் அது. காத்தடித்தால் இன்னும் பயப்படுகிறாள். ஆனால் கட்டிலுக்கு அடியில் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

இந்த முறைக்கு ஒரு பேர் இருக்கிறது. மனக்காயத்தைப் புரிந்துகொண்டு செய்கிற சிகிச்சை என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு அரசு அமைப்பு 2014ல் இதற்கு ஆறு விதி எழுதியது. பாதுகாப்பாக உணர வைக்கணும். செய்யப் போவதை மறைக்காமல் சொல்லணும். இதே கஷ்டத்தைப் பட்டவர்களின் துணை வேணும். டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுக்கணும். அவர் பேச்சுக்கும் விருப்பத்துக்கும் மதிப்பு வேணும். ஊர், சாதி, ஆண் பெண் என்று இருக்கிற வேறுபாடுகளால் அவர் பட்டதையும் கணக்கில் எடுக்கணும். கேட்டபோது எனக்கு நம்ம பஞ்ச சூத்திரம்தான் ஞாபகம் வந்தது. வாராவாரம் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல். எல்லாரும் வட்டமாக உட்காருகிறோம், கணக்கை எல்லாரும் பார்க்க வாசிக்கிறோம், கையெழுத்துக்கு முன்னால் சம்மதம் கேட்கிறோம். இதில் பாதி வேலை நமக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

மனக்காயம் என்பது நம்ம டெல்டாவுக்குப் புதுசும் இல்லை. 2004 ஜூலை 16ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதே வருஷம் டிசம்பர் 26ல் நாகப்பட்டினத்தில் சுனாமி. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்து, ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேச வைத்தார்கள். படித்த டாக்டர் மட்டும் போதாது, பக்கத்து வீட்டு ஆளும் வேணும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

ஏர்வாடியை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலையில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பின்னால் அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருகிறவர்கள் பிரார்த்தனையோடு மாத்திரையும் வாங்கிக்கொள்ள அரசு டாக்டர்கள் அங்கேயே வந்து பார்க்கிற ஏற்பாடு வந்தது. நான் சாமி கும்பிடுகிறவள். குணசீலம் போய் வருவதில் தப்பில்லை. சாமியும் கும்பிடுவோம், மாத்திரையும் கொடுப்போம். சங்கிலி மட்டும் எந்த இடத்திலும் கூடாது. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காக்கணும் என்றும் அதில் இருக்கிறது.

இன்னொரு சட்டம் 2016ல் வந்தது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். முன்னால் 7 வகைதான் இருந்தது, இப்போது 21 வகை. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், நாள்பட்ட நரம்பு நோய், பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபீலியா எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கிறது. வெளியே தெரியாத கஷ்டமும் கஷ்டம்தான் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நாம்தான் இன்னும் "பார்த்தா நல்லாத்தானே இருக்கா" என்கிறோம். மூட்டு வாதத்தில் காலையில் விரல் மடக்க முடியாதவளை, டயாலிசிஸ் முடிந்து வந்து சுருண்டு கிடக்கிறவளை, "நடவுக்கு வர சோம்பேறித்தனம்" என்று சொன்ன வாய்கள் நம்ம ஊரிலும் உண்டு. வருஷக்கணக்கில் வலியோடு இருந்து, அதையும் யாரும் நம்பவில்லை என்றால், அதுவே தனியாக ஒரு காயமாகிவிடும்.

நமக்கு டாக்டர் குறைவு என்பது உண்மை. ஆனால் வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் 2010ல் ஒரு பஸ்ஸை விட்டது. பஸ்ஸுக்குள் டிவி பெட்டியில் சென்னை டாக்டர் பேசுவார், மாத்திரை பஸ்ஸிலேயே கிடைக்கும். வீடு தேடிப் போய்க் கூட்டிவந்தது அந்தப் பகுதி ஆட்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் 2006ல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனசு சரியில்லாதவர்கள் பாட்டியிடம் பேசுவார்கள். அந்த ஊரில் மனச்சோர்வை "அளவுக்கு மீறி யோசிக்கிறது" என்று சொல்வார்களாம். நாமும் "ரொம்ப யோசனை பண்றா" என்றுதானே சொல்கிறோம். 2016ல் ஆராய்ச்சி செய்து பார்த்ததில் பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது.

நம்மிடமே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பது யார்? நம்ம குழுப் பெண்கள்தான். அந்தத் தங்கச்சி வாசலில் நிற்கும்போது "தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு" என்று கூடுதலாக ரெண்டு கேள்வி கேட்டால் போதும், நிறைய தெரிந்துவிடும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

முதலில் அபராதம். கூட்டத்துக்கு வராவிட்டால் பத்து ரூபாய் என்று பல குழுக்களில் இருக்கிறது. ஒழுங்குக்கு அது வேணும். ஆனால் வலிப்பு வந்து படுத்திருக்கிறவளுக்கும், டயாலிசிஸ் நாளன்று வர முடியாதவளுக்கும் அது வேண்டாம். சந்தாவைக் கொடுத்தனுப்பினால் ஏற்றுக்கொள்வோம் என்று தீர்மானம் போடுவோம்.

ரெண்டாவது, உறுப்பினர் சேர்க்கை. என் நாத்தனார் பேர் இன்னும் எந்தக் குழு நோட்டிலும் இல்லை. "அவளுக்குக் கணக்கு தெரியுமா, கையெழுத்து போடுவாளா" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். மூட்டை எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சொன்னேன். சிரித்தார்கள். 1989ல் தருமபுரியில் முதல் குழுக்கள் ஆரம்பித்தபோது நம்மைப் போன்ற பெண்களுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கத் தயாராக இருந்தது? அதே சந்தேகத்தை நாம் இன்னொருத்தி மேல் வைக்கலாமா? மாற்றுத்திறனாளிகள் அஞ்சு பேர் சேர்ந்தாலே தனிக் குழு அமைக்கலாம் என்று விதி இருக்கிறது. தனிக் குழு வேணுமா, நம்மோடு சேர்ந்து இருக்கணுமா என்று அவர்களையே கேட்போம். அவள் நம்மோடுதான் உட்காரணும் என்கிறாள். மைக்கை மட்டும் தள்ளி வைக்கச் சொல்கிறாள்.

மூன்றாவது, துணை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஒரு ஆள் கூடப் போகணும். வீட்டுப் பெண் ஒருத்தியே வருஷம் முழுக்கச் சுமந்தால் அவளும் விழுந்துவிடுவாள். பஸ் செலவுக்குக் கூட்டமைப்பின் நலிவு நிலை குறைப்பு நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று நிர்வாகிகள் பரிசீலிக்கணும்.

நாலாவது, ஒரு துண்டுச்சீட்டு. எந்தச் சத்தம் ஆகாது, எப்படித் தொடணும், என்ன மாத்திரை, வலிப்பு வந்தால் என்ன செய்யணும், யாருக்குப் போன் செய்யணும் என்று எழுதிப் பையில் வைத்துவிடணும். எங்கள் வீட்டுச் சீட்டில் முதல் வரி "தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க". அவள் சொல்லி நான் எழுதியது.

அஞ்சாவது, ரகசியம். குழுவில் கேட்டது குழுவோடு. கைப்பம்பு அடியில் பேசினால் அடுத்த வாரம் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.

கூடவே சில விஷயம் ஞாபகம் வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற சாமான்களை நகர்த்தி, தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் நின்றபாடில்லை என்றால் 108. டாக்டர் சொல்லாமல் வலிப்பு மாத்திரையையும் மனநல மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். யாராவது சாகணும் என்று பேசினால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற நம்பருக்கு ராத்திரி பகல் எந்நேரமும் போன் செய்யலாம், காசில்லை, தமிழில் பேசுவார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அரசு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்கு மேல் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கலெக்டர் தலைமையில் இருக்கிற குழுவிடம் மனு கொடுக்கணும். "எனக்கப்புறம் இவளை யார் பார்ப்பா" என்று ராத்திரி தூக்கம் வராத அம்மாக்கள் இதைக் கேட்டு வையுங்கள்.

நம்மை யாரும் டாக்டராகச் சொல்லவில்லை. மாத்திரை எழுதுவது அவர்கள் வேலை. பயமில்லாமல் ஒருத்தியை அந்த வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், திரும்பி வந்தால் உட்கார ஒரு இடம் வைத்திருப்பதும் நம்ம வேலை. அந்த மேடம் நாலடி தள்ளி உட்கார்ந்ததற்கு எந்தச் செலவும் ஆகவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த அஞ்சையும் தீர்மானமாக எழுதி வாசிக்கணும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், கொல்லைப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் பேரை ஒவ்வொரு குழுவும் அன்றைக்கு எழுதிக் கொண்டுவாருங்கள். எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.